முப்பது விநாடிப் பாட்டு

வேகப்பந்து வீசும் ஒரு பெரிய கிரிக்கெட் வீரர் சின்ன வயதிலேயே குத்துச்சண்டைக்குப் போயிருந்தால் ஜெயித்திருப்பாரா என்ற கேள்வியைக் கிளப்பியது கருப்புசாமிதான். மஞ்சூரிலிருந்து பிக்கட்டி போகும் வழியில் இருக்கும் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் கேன்டீனை நடத்துகிறவர் அவர். மேட்டுப்பாளையத்துக்காரர். டீ ஆற்றும் நேரத்தில் அவருக்குத் தெரியாத விளையாட்டு கிடையாது.

“அந்தத் தோளைப் பாருங்க. நூத்தி நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல பந்து போடற தோளு. அதே தோள்ல ஒரு குத்து உட்டா, எதுத்தாப்ல நிக்கறவன் குந்தா டேம்ல போயி உழுவானுங்க.”

“தோள் குத்தறதில்ல கருப்புசாமி,” என்றார் ஆண்ட்ரூ. மஞ்சூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் மாநில அளவில் குத்துச்சண்டை ஆடியவர். எங்கள் எஸ்டேட்டின் பழைய தொழிற்சாலை மாடியில் எட்டு வருடமாகக் குத்துச்சண்டை கிளப் நடத்துகிறார். “அவரு இருபது முப்பது மீட்டர் ஓடி வந்துதான் அந்த வேகத்தைக் கொண்டு வர்றாரு. ரிங்குல ஓடி வர எடம் ஏது?”

“அப்ப ஈட்டி எறியறவரு?”

“அவருக்கும் ஓட்டம் வேணும்.”

“பேட்மின்டன்?”

“காலு நல்லாருக்கும். ஆனா நடுவுல வலை இருக்குல்ல? எதிராளி வலையத் தாண்டி மேல வந்து நின்னா அவரு என்ன பண்ணுவாரு?”

“கபடி?” என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

ரஞ்சனி. எங்கள் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்பவள். வயது இருபத்து நான்கு. நீலகிரி மாவட்டப் பெண்கள் கபடி அணிக்குத் தலைவி. எதிரணிக்குள் பாடிப் போவதில் இந்த மலையில் அவளுக்கு இணை கிடையாது. பள்ளி நாள் தொடங்கிப் பதினோரு வருடமாக ஆடுகிறாள்.

“கபடியில மூஞ்சில அடி வாங்கறதில்லையேம்மா,” என்றார் ஆண்ட்ரூ.

“அப்படிங்களா மாஸ்டர்? எங்க லெஃப்ட் கார்னர் வாசுகிக்கு முன்பல்லு ரெண்டு எங்க போச்சுன்னு கேட்டுப் பாருங்க.”

கேன்டீனே சிரித்தது. ரஞ்சனி சிரிக்கவில்லை. அவள் வந்த காரியம் வேறு.

“நான் வந்தது மாடிக்கு, மாஸ்டர்.”

அந்த மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிய தொழிற்சாலை கட்டுவதற்கு முன்பு, பறித்து வந்த கொழுந்தை அங்கேதான் பரப்பி வாட்டுவார்கள். காற்று ஓட வேண்டும் என்பதால் தூண் குறைவு, ஜன்னல் அதிகம். நீளம் முப்பத்தைந்து மீட்டர். கீழே மரப்பலகை, மேலே தகரக் கூரை. எங்கள் பக்கம் ஜூன் பிறந்தால் வானம் மூடிக்கொள்ளும். அவலாஞ்சியில் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று டிவியில் சொல்வார்களே, அந்த மழையில் பாதி எங்களுக்கும் உண்டு. மூன்று மாதம் திடலில் கால் வைக்க முடியாது. செப்டம்பரில் மாநிலப் போட்டி வரும். போன வருடம் மூன்று மாதம் பயிற்சியே இல்லாமல் போய், முதல் ஆட்டத்திலேயே முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றுத் திரும்பினார்கள். வந்த வாரத்திலேயே இரண்டு பெண்களின் வீட்டில், ஆடினது போதும் என்று சொல்லிவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடித்தான் ரஞ்சனி அவர்களைப் பிடித்து வைத்திருந்தாள். இந்த மழையும் அப்படியே போனால் அணி என்று ஒன்று இருக்காது.

“வாரத்துல மூணு சாயங்காலம் போதும் மாஸ்டர்.”

“அந்தத் தகரம் நான் போட்டது பாப்பா. ஓட்டைப் பலகையெல்லாம் நான் மாத்துனது. ஏழு பேரு ஓடி உழுந்து பொரண்டா தாங்காது.”

நான் அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பலகையைப் பற்றிப் பேச்சு வந்ததால் சும்மா இருக்க முடியவில்லை. “ஏனுங்க மாஸ்டர், ஒரே நேரத்துல எட்டாயிரம் கிலோ பச்சை இலையத் தாங்குன பலகைங்க அது. ஏழு பொண்ணுங்களைத் தாங்காதுங்களா?”

ஆண்ட்ரூ என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். “பலகை மட்டும் இல்ல ராஜசேகர். ரிங்குங்கறது சும்மா ஒரு எடம் இல்ல. மத்த விளையாட்டுக்காரங்களுக்கு அது புரியாது. எவ்ளோ பெரிய ஸ்டாரா இருந்தாலும் சரி, ரிங்குல ஏறுனா ரெண்டாவது ரவுண்டுல கையைத் தூக்க முடியாது. நான் பாத்திருக்கேன்.”

“தூக்குனா?” என்றாள் ரஞ்சனி.

“தூக்குனா என்ன?”

“மாடியத் தருவீங்களா?”

கருப்புசாமி டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஆண்ட்ரூ சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

“மே கடைசி ஞாயித்துக்கிழமை எங்க கிளப் ஆண்டு விழா. கோயம்புத்தூர்லேர்ந்து ஜட்ஜுங்க வர்றாங்க. நீ எங்க ஆன்சியோட மூணு ரவுண்டு ஆடு. கையைத் தூக்கறது போதாது, ஜெயிக்கணும். ஜெயிச்சா மூணு சாயங்காலம் உங்களுது. தோத்தா இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது.” எழுந்தவர் மறுபடி திரும்பினார். “ஆறு வாரம் இருக்கு. நாளையிலேர்ந்து நீயும் கிளாசுக்கு வா. சொல்லித் தராம ஏமாத்திட்டேன்னு ஒரு பேச்சு வரக் கூடாது.”

ஆன்சி கூடலூர்க்காரி, வீட்டில் மலையாளம் பேசுகிறவள். குந்தா மின்நிலையத்தில் அப்ரண்டிஸ். ஒன்றரை வருடமாகக் குத்துச்சண்டை பழகுகிறாள். போன வருடம் மாவட்டத்தில் வெள்ளிப் பதக்கம். எடை ரஞ்சனியைப் போலவே ஐம்பத்து நான்கு கிலோ.

பந்தய நாளில் ரஞ்சனியின் மூலையில் ஸ்டூல் போட, தண்ணீர் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் ஒத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிருந்தது. ஓர் இயந்திரத்திலிருந்து கழற்றிய பாகம் இன்னொரு இயந்திரத்தில் ஓடுமா? சில பாகம் அப்படியே பொருந்தும். சிலதை அரத்தால் ராவ வேண்டும். சிலது உள்ளே போய் மற்ற பாகத்தையும் சேர்த்து உடைக்கும். எது எது என்று பார்க்க வேண்டும்.

பொருந்தியது நிறைய. குத்து தோளில் பிறப்பதில்லை என்று ஆண்ட்ரூ சொன்னது உண்மை. எங்கள் பழைய தொழிற்சாலையில் மோட்டார் கீழ்த்தளத்தில் இருக்கும். பெல்ட் வழியாக விசை ஏறி மேலே இருக்கும் சக்கரத்தைச் சுற்றும். குத்தும் அப்படித்தான். பின்னங்காலின் குதி தரையைத் தள்ளுகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் அதை வாங்கிக் கையிடம் கொடுக்கிறது. கை வெறும் கடைசிச் சக்கரம். புதிதாக வருகிறவர்கள் கடைசிச் சக்கரத்தை மட்டும் சுற்றப் பார்த்துச் சோர்ந்து போவார்கள். ரஞ்சனிக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டியிருக்கவில்லை. எட்ட நிற்பவளைக் கை நீட்டித் தொட்டுவிட்டுப் பிடிபடாமல் திரும்ப வேண்டும் என்றால் பின்னங்கால்தான் தள்ள வேண்டும். அவளிடம் இருந்தது தொடும் கை. தொடுகிற கை தோலோடு நின்றுவிடும். குத்துகிற கை அதற்கு அப்பால் நாலு விரற்கடை போக வேண்டும். அந்த நாலு விரற்கடையைக் கூட்டப் பத்து நாள் ஆயிற்று.

முகத்துக்கு வரும் கையைப் பார்த்துக் கண் மூடுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மூடவில்லை. ஏழு பேருக்கு நடுவில் தனியாக நின்று பழகியவள். எதிரே ஒரே ஒருத்திதான் என்பதே அவளுக்கு ஓய்வு மாதிரி இருந்தது.

பொருந்தாத பாகம் முதல் வாரமே தெரிந்துவிட்டது. குத்திவிட்டு, சடாரென்று முதுகைக் காட்டித் திரும்பி ஓடினாள். மொத்த கிளப்பும் விழுந்து விழுந்து சிரித்தது.

“எங்கம்மா போற?” என்றார் ஆண்ட்ரூ.

“கோட்டுக்கு.”

“இங்க கோடு எங்க இருக்கு?”

கபடியில் தொட்டவளுக்கு நடுக்கோடுதான் வீடு. அதைத் தாண்டினால் பிழைத்தாள். குத்துச்சண்டையில் முதுகைக் காட்டினால் நடுவர் எச்சரிப்பார். அதற்குள் பின்னந்தலையில் ஒன்று விழுந்தாலும் விழும். எத்தனை முறை சொன்னாலும் கால் கேட்கவில்லை. பதினோரு வருடப் பழக்கம் சொல்லில் போகாது.

அதற்கு வழி கண்டுபிடித்தது ரஞ்சனியே. தன் அணிப் பெண்கள் ஆறு பேரையும் கூட்டி வந்து கயிற்றுக்கு வெளியே நாலு பக்கமும் நிறுத்தினாள். “நான் எந்தப் பக்கம் ஓடி வந்தாலும் பிடிங்கடி,” என்றாள். அவர்கள் சந்தோஷமாகப் பிடித்தார்கள். கையுறை போட்ட ஆன்சி முன்னால், கயிற்றுக்குள் கை நீட்டும் ஆறு பேர் பின்னால். வீடு என்று ஓடிய பக்கமெல்லாம் எதிரணி. மூன்றே வாரத்தில் அவள் கால் பாடம் கற்றுக்கொண்டது. பின்னால் ஓடாமல் பக்கவாட்டில் வழுக்கிப் போகத் தொடங்கினாள், முகம் எதிராளியை விட்டு நகராமல். அதைப் பார்த்த அன்று ஆண்ட்ரூ தலையைச் சொறிந்துகொண்டார்.

இரண்டாவது விஷயம் பாட்டு. ரஞ்சனி வாய்க்குள் ‘கபடி கபடி’ சொல்லாமல் குத்த மாட்டாள். பற்கவசம் மாட்டியிருந்ததால் அது ‘ம்படி ம்படி’ என்று வண்டு ரீங்கரிப்பது போல வெளியே வந்தது. நிறுத்தச் சொன்னால் மூச்சு விடவே மறந்து, ஒரு நிமிடத்தில் முகம் சிவந்து நின்றாள். விட்டுவிட்டோம். யோசித்துப் பார்த்தால் அது நல்லதாகவே பட்டது. குத்துச்சண்டைக்குப் புதியவர்கள் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். கை ஓய்ந்து போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பாடுகிறவள் மூச்சைப் பிடிக்க முடியாது. இருபத்தைந்து முப்பது விநாடி சீராக வெளியேற்றிக்கொண்டே இருப்பாள்.

ஆக, இயந்திரம் ஓடியது. இன்னொரு பொருந்தாத பாகம் உள்ளே இருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஆறு வாரமும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் நிற்க இடமில்லை. தேயிலைக் காட்டிலிருந்தும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கருப்புசாமி வடைச் சட்டியையே மேலே கொண்டு வந்துவிட்டார். ரஞ்சனியின் அம்மா தெய்வம்மாவும் வந்திருந்தார். இலங்கையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, குழந்தையாக இங்கே வந்து, வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர்.

“நான் பாக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, ரிங்குக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார்.

“பாக்காம எதுக்குங்க அம்மிணி வந்தீங்க?” என்றார் கருப்புசாமி.

“எம் மவ பாட்டு கேக்கும்ல? அது கேட்டாப் போதும். பாட்டு இருக்க மட்டும் அவளுக்கு ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்.”

நடுவராக வந்தவர் அம்சவேணி என்ற கோயம்புத்தூர் அம்மா. டாக்டர் இருவரையும் பார்த்துச் சரி என்ற பிறகு, நடுவர் ரஞ்சனியின் தலைக்கவசத்தை இழுத்துப் பார்த்தார். ரஞ்சனி அதற்குள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள்.

“என்னம்மா பேசறே? ரிங்குல பேசக் கூடாது.”

நான் வாய் திறப்பதற்குள் எதிர் மூலையிலிருந்த ஆண்ட்ரூ சொன்னார்: “பேச்சு இல்லீங்க மேடம். அது அவ மூச்சு. கபடிக்காரி. எங்களுக்கு ஆட்சேபணை இல்ல.”

இரண்டு நிமிடம் வீதம் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தெளிவாக அதிகம் குத்தியவளுக்குப் பத்துப் புள்ளி, மற்றவளுக்கு ஒன்பது. மூன்று ஜட்ஜுகளும் தனித்தனியாக எழுதுவார்கள்.

முதல் சுற்று ரஞ்சனியுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. குனிந்து உள்ளே போனாள், இடக்கையால் இரண்டு தொட்டாள், நாலு விரற்கடை சேர்த்துத் தொட்டாள், பக்கவாட்டில் வழுக்கினாள். ஆன்சியின் கை அவள் விட்டுப்போன காற்றில் விழுந்தது. ‘ம்படி ம்படி ம்படி’ என்று பாட்டு ரிங்கைச் சுற்றி வந்தது. ஒரு முறை கால் பழைய ஞாபகத்தில் திரும்பப் பார்த்தது. கயிற்றுக்கு வெளியிலிருந்து வாசுகி, “பிடிக்கப் போறேண்டி,” என்று பொக்கை வாயால் கத்த, மறுபடி நேராக நின்றாள்.

இடைவேளையில் எதிர் மூலையைப் பார்த்தேன். ஆண்ட்ரூ ஆன்சியிடம் நீளமாக எதுவும் சொல்லவில்லை. ஒரு விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

இரண்டாவது சுற்றில் ஆன்சி முதலில் குத்தவே இல்லை; கையை உயர்த்தி வைத்துக் காத்திருந்தாள். ரஞ்சனி பாடிப் பாடிக் குத்தினாள், எல்லாம் கையுறையில் பட்டது. பாட்டு நின்றது. நின்ற அதே நொடியில் ஆன்சி ஒரு பாய்ச்சல் உள்ளே வந்து முகத்தில் இரண்டு குத்து விட்டாள். ரஞ்சனி தடுமாறி, மூச்சு இழுத்து, மறுபடி பாடினாள். இருபத்தைந்து விநாடி. பாட்டு நின்றது. மறுபடி இரண்டு குத்து. மூக்கிலிருந்து ரத்தம் இறங்கியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கபடியில் மூச்சு இழுப்பது எங்கே? கோட்டைத் தாண்டிச் சொந்தப் பாதிக்குள் வந்த பிறகு. அங்கே உன்னை யாரும் தொட முடியாது. அதனால் அவள் உடம்பு பதினோரு வருடமாக ஒன்றை நம்பிக்கொண்டிருந்தது: மூச்சு இழுக்கும் நேரம் பத்திரமான நேரம். அந்த ஒரு நொடியில் கால் நின்றது, கை ஒரு சாண் இறங்கியது. ஆறு வாரம் பக்கத்திலேயே நின்றவன் நான். கையில் கடிகாரம் வேறு வைத்திருந்தேன். பார்க்கவில்லை. ஆண்ட்ரூ ஒரே சுற்றில் கேட்டுவிட்டார்.

சுற்று முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் மூக்கைத் துடைத்தேன். இப்போது ஆளுக்கு ஒரு சுற்று. மாடி கடைசி இரண்டு நிமிடத்தில் இருந்தது.

“அவ கேக்கறா, ராஜண்ணே,” என்றாள்.

“ஆமா. பாட்டு நின்னதும் வர்றா. பாடாம ஆடிப் பாரு ரஞ்சனி.”

“பாடாட்டி மூச்சு முட்டிரும். பாத்தீங்கள்ல?”

கயிற்றுக்கு வெளியே நின்ற வாசுகிதான் பேசினாள். “நானும் கார்னர்ல நின்னுக்கிட்டு அதத்தானே கேப்பேன். எப்ப விடுவா, எப்ப விடுவான்னு.”

ரஞ்சனி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். “விட்டா என்னா பண்ணுவ?”

“பாஞ்சு பிடிச்சுருவேன்.”

“யோசிக்க மாட்டியா?”

“எதுக்கு யோசிக்கணும்? பாட்டு விட்டா அவுட்டுதானே.”

ரஞ்சனி தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினாள். பற்கவசத்தை மாட்டும்போது அவள் சிரிப்பது தெரிந்தது. மணி அடித்தது.

எழுந்து போனாள். பாட்டு தொடங்கியது. ஆன்சி கையை உயர்த்திக் காத்தாள். என் கடிகாரத்தில் ஆறு விநாடி ஆகியிருந்தது.

பாட்டு நின்றது.

“ஐயோ, அதுக்குள்ள நின்னுருச்சே,” என்று தெய்வம்மா சுவரிலிருந்து சட்டென்று திரும்பினார். அதனால்தான் அவர் அதைப் பார்த்தார். ஆன்சி யோசிக்கவில்லை, ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்தாள். ரஞ்சனியின் நெஞ்சு நிறைய இன்னும் காற்று இருந்தது. கால் நிற்கவில்லை, கை இறங்கவில்லை. பின்னங்குதி பலகையைத் தள்ளியது, இடுப்பு திரும்பியது, வலக்கை நேராகப் போய் ஆன்சியின் நெற்றியில் இறங்கியது. வருகிறவளின் வேகமும் தருகிறவளின் வேகமும் சேர்ந்த குத்து அது. அந்தச் சத்தம் தகரக் கூரை வரை போய்த் திரும்பி வந்தது.

அவள் என்ன செய்தாள் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆயிற்று. கபடியில் பாட்டை விட்டவள் அந்த இடத்திலேயே அவுட். அதனால் வேண்டுமென்று பாட்டை விடுவது என்பது எந்தக் கபடிக்காரிக்கும் கனவில்கூட வராது. பதினோரு வருடத்தில் அவள் ஒரு முறைகூடச் செய்யாத காரியம் அதுதான். அதைத்தான் செய்தாள்.

மறுபடி பாடினாள். இம்முறை பதினைந்து விநாடி. நின்றது. ஆன்சியின் தலை வேண்டாம் என்றிருக்கும். காலோ பழகியபடி உள்ளே வந்தது. இன்னொரு நேர்க்குத்து. ஆன்சி கயிற்றில் போய் முட்டினாள். அம்சவேணி இடையில் புகுந்து, விரல் நீட்டி எட்டு வரை எண்ணினார். ஆன்சி கண்ணைச் சிமிட்டித் தலையாட்டினாள். ஆட்டம் தொடர்ந்தது.

மூன்றாவது முறை நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அழகாகப் பட்டது. பாட்டு நின்றது, ஆன்சி வரவில்லை. அது பொய்யா மெய்யா என்று தெரியாமல் நின்றாள். அது மெய். ரஞ்சனியின் காற்று உண்மையிலேயே தீர்ந்திருந்தது. எதிரே எதிராளி கைக்கு எட்டும் தூரத்தில் நிற்க, நிதானமாக ஒரு முழு மூச்சை இழுத்துக்கொண்டாள், சொந்தப் பாதிக்குள் நிற்பவளைப் போல. ரிங்கில் இல்லாத கோட்டை அவளே போட்டுக்கொண்டாள். பிறகு பாடிக்கொண்டு உள்ளே போனாள். கடைசி நாற்பது விநாடி அவள் கை இறங்கவே இல்லை. அணிப் பெண்கள் ஆறு பேரும் வெளியிலிருந்து சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். பிறகு மாடி முழுக்கப் பாடியது. மணி அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. நடுவர் நடுவில் வந்ததைப் பார்த்துத்தான் ஸ்டூலை எடுத்தேன்.

மூன்று ஜட்ஜுகளும் ஒன்று போலவே எழுதியிருந்தார்கள். இருபத்தொன்பது, இருபத்தெட்டு. அம்சவேணி ரஞ்சனியின் கையைப் பிடித்து உயர்த்தினார்.

ஆன்சி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “எந்தா சேச்சி இது? பாட்டு நிக்கும்னு வந்தா அடியல்லவா வருது.” நெற்றியைத் தேய்த்தபடி சிரித்தாள். “அடிபொளி, சூப்பர்.”

தெய்வம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகளின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். “மூக்க ஒடச்சிக்கிட்டு நிக்கிறே. நாளைக்கி பேக்கிங்குக்கு யாருடி போறது?”

“லீவு போடுறேம்மா.”

“லீவு போட்டுட்டு?”

“இங்கதான் வருவேன். மாடி நம்ம மாடி.”

ஆண்ட்ரூ கழுத்தில் தொங்கிய சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தார். “திங்கள், புதன், வெள்ளி,” என்றார். “செவ்வாயும் வியாழனும் கையுறையோட வா. மாவட்டத்துக்கு உன் பேரைக் குடுக்கப் போறேன்.”

“அடி வாங்கி மாடிய வாங்குனதே போதும் மாஸ்டர்.”

“யோசி,” என்றார். அவள் யோசித்தாள். செவ்வாய்க்கிழமை வந்தாள்.

ஜூன் ஐந்தாம் தேதி மழை பிடித்தது. அன்று மதியமே ஆண்ட்ரூ எனக்கு ஃபோன் செய்து டேப் எடுத்துவரச் சொன்னார். தேயிலை மூட்டைகளில் எண் எழுதும் வெள்ளைப் பெயின்ட் டப்பா ஒன்றும் கேட்டார். போனபோது மணல் மூட்டைகளை எல்லாம் ஒரு ஓரமாக நகர்த்தி, கபடி ஆட இடம் விட்டிருந்தார். பன்னிரண்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம். நான் அளந்து சொன்னேன். எட்டு வருடமாகக் காலணியோடு யாரையும் ஏற விடாத அந்தப் பலகையில் அவரே மண்டியிட்டு நடுக்கோடு போட்டார். கோணல் இல்லாத கோடு.

டீயோடு வந்த கருப்புசாமி விடவில்லை. “சரிங்க மாஸ்டர், இப்பச் சொல்லுங்க. அந்த வேகப்பந்துக்காரரு பாக்சிங்குக்கு வந்திருந்தா ஜெயிச்சிருப்பாரா?”

ஆண்ட்ரூ தூரிகையை டப்பா விளிம்பில் வழித்தார். “அவரு ஓடி வர்ற ஓட்டத்தைத் தானா நிறுத்துவாரான்னு கேட்டுட்டு வாங்க. நிறுத்துவேன்னா கூட்டிட்டு வாங்க.”

“அவரு என்னைக் கேட்டுக்கிட்டா கிரிக்கெட் ஆடறாருங்க,” என்று கருப்புசாமி டம்ளரை நீட்டினார்.

ஐந்து மணிக்குப் பெண்கள் வந்தார்கள். நனைந்த குடைகள் படிக்கட்டு நெடுகத் தொங்கின. ஓர் ஆள் குறைந்ததால் எதிரணியில் ஆன்சியை நிறுத்தினார்கள். அவள் வாசுகிக்குப் பக்கத்தில் கால் அகட்டி நின்று, தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டாள். தகரத்தின் மேல் மழை கொட்டியது. ரஞ்சனி புதுக் கோட்டைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எதிர்ப் பாதிக்குள் கால் வைத்தாள்.

“கபடி கபடி கபடி...”

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு விநாடி போனது, பதினைந்து போனது. ஆன்சி காத்துக்கொண்டே இருந்தாள். மழைச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் ஏறிக்கொண்டே போனது. இருபத்தெட்டில் அவள் ஆன்சியின் தோளைத் தொட்டாள், இருபத்தொன்பதில் திரும்பினாள், இம்முறை ஆண்ட்ரூவே வரைந்த கோட்டை நோக்கி, முதுகைக் காட்டி, முழு வேகத்தில்.